வீட்டுக்குள் வந்த அகன்ற திரை

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

பட்டுச் சேலைக்கு அழகு தருவன கரையும் முந்தானையும் என்பது நம் காஞ்சி மாநகரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கடையில் சேலையைக் கையில் வாங்கும் பெண் முதலில் பார்ப்பது கரையைத்தான். அந்தக் கரையைக் கத்தரித்துவிட்டு, "பெட்டிக்குள் அடங்கவில்லை, அதனால் வெட்டினேன்" என்று ஒருவர் சொன்னால் அவரை நாம் என்னவென்று சொல்வோம்? ஆனால் நம் வீடுகளில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் அமர்ந்து, நாம் இதே காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறோம். உலகப் புகழ் பெற்ற அகன்ற திரைப்படங்களின் கரையை வெட்டிவிட்டு, நடுத்துண்டை மட்டும் பார்த்து மகிழ்கிறோம். இது சரிதானா என்று என் தோழியரோடு சேர்ந்து சிந்திக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் தாத்தா பிள்ளையார்பாளையத்தில் ஐம்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தவர். திருமணமான புதிதில், ஓர் அமாவாசை விடுமுறையன்று, பேருந்து ஏறிச் சென்னைக்குச் சென்று 'பென்-ஹர்' படத்தைப் பார்த்துவிட்டு வந்தாராம். இன்றைக்கும் அதைப் பற்றிக் கேட்டால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கணும்" என்பார். கைகளை முழுவதும் விரிக்க எங்கள் கூடத்தில் இடம் போதாது. பாதிக் கூடத்தைத் தறி அடைத்துக்கொண்டிருக்கிறது. பாட்டி அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். நெசவாளர் வீட்டு மருமகள் படம் பார்ப்பதற்காகப் பட்டணம் போவதை அந்தக் காலத்தில் யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் இந்தப் பெரிய படங்களின் பெருமை எதில் இருக்கிறது என்பதைப் பார்ப்போம். சாதாரணத் திரைப்படச் சுருளின் அகலம் 35 மில்லிமீட்டர். பெரிய படங்களை 65 மில்லிமீட்டர் சுருளில் பிடித்து, திரையரங்குக்கு அனுப்பும்போது 70 மில்லிமீட்டர் சுருளில் அச்சிட்டார்கள். அதிகப்படியான 5 மில்லிமீட்டர் ஒலிக்காக ஒதுக்கப்பட்டது. ஆறு தனித்தனி ஒலித்தடங்கள் அந்தச் சுருளில் காந்தப் பூச்சாக இருந்தன. அதனால்தான் குதிரையின் குளம்பொலி அரங்கின் இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் சென்று முடிந்தது. படத்தின் பரப்போ சாதாரணச் சுருளில் உள்ளதைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு. பரப்பு கூடக் கூட அதில் பதியும் நுணுக்கமும் கூடும். நெருக்கமாகப் பாவோடிய சேலையில் மயிலின் தோகைக்கண் கூடத் தெளிவாக விழுவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வகையில் வந்த படங்கள் பல. வில்லியம் வைலர் இயக்கிய 'பென்-ஹர்' 1959இலும், டேவிட் லீன் இயக்கிய 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 1962இலும், நம் பள்ளியில் அனைவரும் விரும்பும் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' 1965இலும் வந்தன. 1956இல் வந்த 'பத்துக் கட்டளைகள்' படத்துக்கு வேறொரு வழியைக் கையாண்டார்கள். சாதாரண 35 மில்லிமீட்டர் சுருளையே காமிராவுக்குள் படுக்கை வாட்டில் ஓடவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் இரட்டிப்பு இடம் கொடுத்தார்கள். இந்திய நாட்டிலும் இந்த ஆசை பிறந்தது. 'ஷோலே' படத்தை 35 மில்லிமீட்டரில் பிடித்து, பின்னர் அதைப் பெருக்கி 70 மில்லிமீட்டரில் வெளியிட்டார்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. தமிழின் முதல் 70 எம்.எம். படம் 1986இல் வந்த 'மாவீரன்'.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 'ஷோலே' வெளியான நாள் 1975 ஆகஸ்ட் 15. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டதும் அதே 1975 ஆகஸ்ட் 15. ஒரே நாளில் நம் நாட்டுத் திரை ஒரு பக்கம் விரிந்தது. நம் மாநிலத்தில் மறுபக்கம் அது ஒரு சிறு பெட்டிக்குள் புகுந்தது!

அந்தப் பெட்டி ஏறத்தாழச் சதுரமானது. அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. 'பென்-ஹர்' படமோ உயரத்தைப் போல இரண்டே முக்கால் மடங்கு அகலமுடையது. இதை அந்தப் பெட்டியில் நிரப்பிக் காட்ட வேண்டுமானால் படத்தில் பாதிக்கு மேல் வெட்டித் தள்ள வேண்டும். அப்படித்தான் பல ஆண்டுகள் உலகம் முழுவதும் காட்டினார்கள். அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, நான் சிறுமியாக இருந்த வரை எங்கள் வீட்டில் ஓடியது. ஒரு புனித வெள்ளியன்று அதில் 'பென்-ஹர்' வந்தபோது தாத்தா கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "இது அந்தப் படம் இல்லை" என்று சொல்லி எழுந்து தறிக்குப் போய்விட்டாராம். அது வேறு படமல்ல, அதே படம்தான். ஆனாலும் அவர் சொன்னதில் பிழையில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது.

காலம் மாறியது. இன்றைய உயர் தெளிவுத் தொலைக்காட்சியில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 20 இலட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். 4கே எனப்படும் வகையில் இதைப் போல நான்கு மடங்கு. பழைய பெட்டியில் படம் தாங்கிய கோடுகள் 576 மட்டுமே. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் ஒரு புகழ் பெற்ற காட்சி உண்டு. பாலைவனத்துக் கிணற்றருகே இருவர் நிற்கிறார்கள். தொலைவில், கானல் நீருக்குள், ஒரு புள்ளி நடுங்குகிறது. அது மெல்ல மெல்ல ஒட்டகமாகி, அதன்மேல் ஒரு மனிதன் ஆகிறது. அந்தப் புள்ளியே தெரியாவிட்டால் அந்தக் காட்சியில் என்ன மிஞ்சும்? பழைய பெட்டியில் வெறும் மணல்தான் தெரிந்திருக்கும். இந்தப் படத்தின் மூலச்சுருளைச் செப்பனிட்டு, 4கே தெளிவில் புதுப்பித்து, 2012இல் வெளியிட்டார்கள். இப்போது வீட்டிலேயே அந்தப் புள்ளியைப் பார்க்கலாம். அறிவியல் நமக்குச் செய்த நன்மைகளில் இதுவும் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? கருவியில் இல்லை, அதைக் கையாளும் நம்மிடத்தில் இருக்கிறது.

சென்ற கோடை விடுமுறைக்குப் பெங்களூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா, 'பென்-ஹர்' ப்ளூ-ரே தட்டையும் அதை ஓட்டும் கருவியையும் தாத்தாவுக்காகக் கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது 43 அங்குலத் தொலைக்காட்சி. மாலையில் விளக்கு வைத்த பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம். படம் தொடங்கியதும் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டைகள் தெரிந்தன. என் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு பெரிய டிவி வாங்கிட்டு, படம் பட்டையாத் தெரியுதே!" என்று சொல்லி, ஒரு பொத்தானை அழுத்திப் படத்தைப் பெரிதாக்கிவிட்டான். திரை முழுவதும் நிரம்பியது. எங்களுக்கும் அது நன்றாகவே இருந்தது. உண்மையைச் சொன்னால், நானும் அவன் செய்தது சரி என்றே நினைத்தேன்.

தேர்ப்பந்தயம் வந்தது. ஒன்பது தேர்கள், தேருக்கு நான்கு குதிரைகள், மொத்தம் முப்பத்தாறு குதிரைகள் அணிவகுத்து நிற்கும் இடம் அது. தாத்தா முன்னால் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, கரை எங்கே போச்சு?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஓரத்துத் தேர்களைக் காணோம் என்று அவர் விரலால் காட்டியபோதுதான் விளங்கியது. தம்பி பொத்தானை மீண்டும் அழுத்தினான். படம் சிறுத்தது, ஆனால் இருபுறமும் விரிந்தது. மறைந்திருந்த தேர்கள் வந்து சேர்ந்தன. "ஆங், இதுதான்!" என்றார் தாத்தா. அன்றிரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரையை நிரப்புவதற்காக நாங்கள் வெட்டி எறிந்தது படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! கறுப்புப் பட்டை நம்மிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. அதை ஒழிப்பதாக எண்ணி நாம் அழுத்தும் பொத்தான்தான் எடுத்துக்கொள்கிறது.

அகலமான படத்தில் ஓரம் என்பது வீணான இடமன்று. நம் காஞ்சியின் கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, இழைக்கு இழை கோத்துச் சேர்க்கிறார்கள். அதற்கு ஓர் ஆள் போதாது. பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த கரையை யாராவது மிச்சத் துணி என்பார்களா? 'பென்-ஹர்' படத்தில் ஆண்டவர் இயேசுவின் திருமுகம் ஓரிடத்திலும் காட்டப்படுவதில்லை. மலைப்பொழிவுக் காட்சியில் அவருடைய உருவத்தையும், மலைச்சரிவு எங்கும் பரவி அமர்ந்திருக்கும் மக்களையும் காண்கிறோம். அந்த மக்கள் கூட்டத்தின் பரப்பே அவருடைய பெருமையை நமக்கு உணர்த்துகிறது. ஓரத்து மக்களை வெட்டிவிட்டால் உணர்த்துவதற்கு என்ன இருக்கும்?

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். நந்திவர்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டில் கட்டிய கோயில் அது. அதன் திருச்சுற்றுச் சுவர்களில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாகச் செல்கிறது. ஓரிடத்தில் நின்றால் முழுவதையும் பார்க்க முடியாது; நடந்துகொண்டே பார்க்க வேண்டும். அரசர்கள், தூதர்கள், யானைகள், போர், முடிசூட்டு விழா எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வரும். எழுபது மில்லிமீட்டர் பிறப்பதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அகன்ற திரையில் கதை சொன்னவர்கள் நம் முன்னோர். அந்தச் சுவரில் ஒரு பகுதியைப் பெயர்த்து எடுத்துவிட்டு, "என் கண்ணுக்கு அடங்கும்படி செய்தேன்" என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

"எவ்வளவு நல்ல தட்டாக இருந்தாலும் வீட்டில் பார்ப்பது திரையரங்கில் பார்ப்பதாகுமா?" என்று சிலர் கேட்கலாம். ஆகாது என்பதே என் விடையும். எங்கள் தொலைக்காட்சியில் 'பென்-ஹர்' படத்தின் அகலம் 95 சென்டிமீட்டர்; உயரம் 34 சென்டிமீட்டர். ஒரு சேலையின் அகலத்துக்குக் கூட அது வரவில்லை. 2019ஆம் ஆண்டில் அத்திவரதர் 48 நாட்கள் காட்சி கொடுத்தபோது, தொலைக்காட்சியில் அவரை மிக அருகில், மிகத் தெளிவாகக் காட்டினார்கள். ஆயினும் மக்கள் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. வெயிலிலும் நெரிசலிலும் மணிக்கணக்கில் நின்று, கண் மூடித் திறக்கும் நேரமே பார்த்துவிட்டு, மனநிறைவோடு திரும்பினார்கள். தெளிவு வேறு, நேரில் நிற்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பெரிய திரை நம்மைச் சிறியவர்களாக்குகிறது. வீட்டுத் திரையின் முன்னாலோ நாம்தான் பெரியவர்கள். நினைத்த இடத்தில் நிறுத்துகிறோம், நினைத்த இடத்தில் ஓட்டுகிறோம்.

ஆனால் நேரில் நிற்க முடியாதவர்களும் இருக்கிறார்களே! அத்திவரதரைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்துக் கைகூப்பிய முதியவர்களும் நோயாளிகளும் நம் தெருவிலேயே எத்தனை பேர்? திரையரங்கில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்பவர்கள், அந்தக் காலத்தில் திரையரங்குக்குப் போக முடிந்தவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டணத்தில் இருந்தவர்கள், கையில் காசு இருந்தவர்கள், இரவு வீடு திரும்பினால் கேள்வி கேட்கப்படாத ஆண்கள். என் பாட்டியைப் போன்ற பெண்களுக்கு அந்த வாசல் திறந்திருக்கவில்லை. வீட்டுத் திரை அவர்களுக்காகத் திறந்த வாசல். அந்த வாசலில் வந்து நிற்பவர்களுக்கு வெட்டிய படத்தைக் கொடுப்பது, எல்லோரும் உண்ட பிறகு அடுப்படியில் இருப்பவளுக்கு மிச்சத்தைப் போடுவது போன்றதுதான். வீட்டில் பார்ப்பவர்களுக்குத்தான் முழுப் படமும் வேண்டும் என்று நான் வாதிடுவதற்குக் காரணம் இதுவே.

இன்னொன்றும் உண்டு. முழுப் படம் வேண்டுமானால் மூலச்சுருள் உயிரோடு இருக்க வேண்டும். 'ஷோலே' படத்தின் 70 எம்.எம். பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூல நெகடிவும் பழுதாகியிருந்தது. இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் கிடைத்த சுருள்களின் உதவியோடு, பல ஆண்டு உழைப்பில் அதைப் புதுப்பித்து, 2025இல் இத்தாலி நாட்டுப் போலோக்னா நகரில் திரையிட்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குள், நாடே கொண்டாடிய ஒரு படத்துக்கே இந்த நிலை! நம் தமிழின் முதல் மௌனப் படமான 'கீசகவதம்' இன்று இல்லை. 1931இல் வந்த முதல் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று இல்லை. 1964இல் வந்த 'கர்ணன்' படத்தைச் செப்பனிட்டு 2012இல் மீண்டும் வெளியிட்டபோது, தாத்தாக்களும் பேரர்களும் ஒன்றாகச் சென்று பார்த்தார்கள். காப்பாற்றியவருக்கு நன்றி சொல்ல மக்கள் தயாராகவே இருக்கிறார்கள். 'ராஜராஜ சோழன்' போன்ற படங்களையும் ஓர் ஓரமும் குறையாமல் காத்து, உயர்ந்த தெளிவில் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது நம் கடமையல்லவா? கோயிலையும் தறியையும் காப்பது போல, திரைச்சுருளையும் காக்க வேண்டிய செல்வமாக எண்ண வேண்டும்.

தோழியரே, பெரிய காரியங்களைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். அடுத்த முறை வீட்டில் ஒரு பழைய பெரிய படம் ஓடும்போது, அந்தப் பொத்தானை அழுத்தாமல் விடுங்கள். கூடத்து விளக்கை அணையுங்கள். பழைய பெட்டிக்குப் பத்தடி தள்ளி உட்காரச் சொன்ன பழக்கத்தை விட்டு, ஐந்தாறு அடி தொலைவில் அமருங்கள். சிறிய திரையும் கண்ணுக்கு அகலமாகத் தெரியும். இடைவேளை வரும் வரை நிறுத்தாதீர்கள். இந்தப் படங்களுக்கு இடைவேளையையும் சேர்த்தே அமைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் திருட்டுப் பிரதி பார்ப்பதை அறவே விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியே பார்க்காதீர்கள். எட்டாம் வகுப்பில் நம் அருட்சகோதரியர் பள்ளி அரங்கில் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' திரையிட்டது நினைவிருக்கிறதா? வெள்ளைத் துணியில், முழு அகலத்தில், ஆல்ப்ஸ் மலை விரிந்தபோது இருநூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோமே! பெரிய திரையில் பாதிப் பெருமை அந்த மூச்சில்தான் இருக்கிறது.

அன்று எங்கள் வீட்டில் 'பென்-ஹர்' முடிய இரவு வெகு நேரமாயிற்று. தம்பி உறங்கிவிட்டான். தறியில் சாய்ந்தபடி பாட்டி கடைசிக் காட்சி வரை பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வேண்டிய இடத்தில் நான் சொல்லிக்கொண்டு வந்தேன். தொழுநோய் நீங்கித் தாயும் மகளும் எழும் இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் தாத்தாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இவ்வளவு பெரிய படத்தையா நீங்க மட்டும் தனியாப் போய்ப் பார்த்துட்டு வந்தீங்க?"

தாத்தா பதில் சொல்லவில்லை. அடுத்த அமாவாசைக்கு எந்தப் படம் பார்க்கலாம் என்று மறுநாள் காலையில் என்னிடம் அவரே வந்து கேட்டார்.